பெட்ரோல் பங்கில் வந்த சேதி

கால்பந்துப் பந்தயம் பார்க்கிறவர் யாருக்குக் கை தட்டுவார்? கோல் போடுகிறவருக்குத்தான். பின்னால் நின்று தடுப்பவரை யார் கவனிக்கிறார்கள்? கல்யாண வீட்டுச் சமையற்காரர் மாதிரிதான். சாம்பாரில் உப்புக் கூடினால் மட்டுமே அவர் ஞாபகம் வரும்!

அப்படிப்பட்ட தடுப்பு ஆட்டக்காரர் ஒருவருக்காக மைதானமே பாட்டுக் கட்டிப் பாடியது என்றால் நம்புவீர்களா? பாடியவர்கள் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள். பாட்டுக்கு உரியவர் யாப் ஸ்டாம் என்ற டச்சுக்காரர்.

ஹாலந்தில் காம்பென் என்ற சிற்றூரில் 1972-ல் பிறந்தவர். ஆறடி மூன்றங்குல உயரம், மழித்த தலை, எதிரே வருகிறவன் பந்தைத் தானாகவே கொடுத்துவிட்டுப் போகும்படியான ஒரு பார்வை! சின்னச் சின்ன க்ளப்புகளில் ஆடி, படிப்படியாக மேலே வந்தார். 1998-ல் மாஞ்செஸ்டர் அவரை ஒரு கோடி பவுனுக்கு மேல் கொடுத்து வாங்கியது. தடுப்பு ஆட்டக்காரர் எவருக்கும் அதுவரை அவ்வளவு விலை கிடைத்ததில்லை.

பணம் வீண் போகவில்லை. அவர் அங்கே ஆடியது மூன்று வருஷம். மூன்று வருஷமும் லீக் பட்டம் மாஞ்செஸ்டருக்கே. 1999-ல் லீக், எப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும் சேர்ந்து கிடைத்தன. இத்தனைக்கும் அந்த க்ளப்புக்காக ஸ்டாம் போட்ட கோல் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

2001-ல் வந்தது வினை. ஸ்டாமின் சுயசரிதையிலிருந்து சில பகுதிகள் பத்திரிகையில் வெளியாயின. மானேஜர் அலெக்ஸ் பெர்குஸன் பற்றியும், கூட ஆடியவர்கள் பற்றியும் கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருந்தார். சில நாட்களில் அவரை இத்தாலியின் லாஜியோ க்ளப்புக்கு விற்றுவிட்டார்கள். ஒரு பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திக் காத்திருந்தபோது, பெர்குஸன் வந்து காருக்குள் ஏறி உட்கார்ந்து சேதியைச் சொன்னார் என்று ஸ்டாமே பிற்பாடு சொல்லியிருக்கிறார். மூன்று வருஷ உழைப்புக்கு விடை கொடுக்க நல்ல இடம்தான்!

புத்தகம் காரணமல்ல, காயத்துக்குப் பிறகு ஸ்டாமின் வேகம் குறைந்துவிட்டதாக நினைத்தேன் என்றார் பெர்குஸன். அவருக்குப் பதிலாக வந்த பிரெஞ்சுக்காரர் லோரான் பிளாங்குக்கு வயது 35! அந்த வருஷம் மாஞ்செஸ்டர் மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. ஸ்டாமை விற்றது தவறு என்று பெர்குஸன் பின்னால் வாய்விட்டே ஒப்புக்கொண்டார். பிடிவாதத்துக்குப் பேர்போன மனிதர் அவர். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவது லேசான காரியமல்ல.

இத்தாலியில் ஸ்டாமுக்குச் சுகமும் இருந்தது, துக்கமும் இருந்தது. தடை செய்யப்பட்ட மருந்து உடலில் இருந்ததாகச் சில மாதங்கள் ஆட விடவில்லை. பிறகு மிலான் க்ளப்பில் சேர்ந்து, 2005-ல் இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரை போனார். இடைவேளையில் மிலான் மூன்று கோல் முன்னால். லிவர்பூல் மூன்றையும் திருப்பிப் போட்டு, பெனால்டியில் ஜெயித்துவிட்டது. ஹாலந்துக்காக 67 ஆட்டங்கள் ஆடிய ஸ்டாம், 2007-ல் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

1999 வெற்றியின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு, 2019 மே மாதம் பழைய மாஞ்செஸ்டர் வீரர்கள் பேயர்ன் மூனிச்சின் பழைய வீரர்களோடு ஓல்டு டிராபோர்டில் ஆடினார்கள். மானேஜர் பெர்குஸன். தடுப்பில் ஸ்டாம். மாஞ்செஸ்டர் ஐந்து கோல் போட்டது; பேயர்ன் ஒன்றுகூடப் போடவில்லை.