பழையது வேறு, பழுதானது வேறு

"பழைய கணினிதானே! தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்." இந்த அறிவுரை இன்று எளிதாகக் கிடைக்கிறது. சொல்பவர்களுள் எத்தனை பேர் அக்கணினியின் மூடியைத் திறந்து பார்த்தவர்கள்? மூட்டுவலி என்றதும் ஆளையே மாற்றச் சொல்லும் மருத்துவரை நாம் ஏற்போமா?

பத்தாண்டு உழைத்த கணினி மந்தமானால் அதன் ஆயுள் முடிந்ததென்று முடிவு கட்டுகிறோம். உண்மை பெரும்பாலும் வேறு. சுழலும் வன்தட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் அதே கணினி வியக்கத்தக்க விரைவுடன் எழுகிறது. 4 ஜி.பி. நினைவகம் போதவில்லையெனில் 8 ஆக உயர்த்தலாம். விசிறியில் தூசி அடைந்து, செயலியின்மீது பூசிய வெப்பப்பசை காய்ந்துவிட்டால் சூடு ஏறும். செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தேதியை மறக்கும் கணினிக்குத் தேவை, சி.ஆர். 2032 என்னும் காசளவு மின்கலம் மட்டுமே. ஒரு திருப்புளி, ஒரு தூரிகை, ஒரு மாலைப்பொழுது: இவை போதும்.

ஆனால் வணிக உலகம் இதை விரும்புவதில்லை. 2012இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ரெட்டினா மேக்புக் புரோவில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. மின்கலம் பசையால் ஒட்டப்பட்டது. மைக்ரோசாப்ட், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 வசதியும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டும். நன்றாக இயங்கிய கோடிக்கணக்கான கணினிகள் இவ்வாறு ஒரே அறிவிப்பால் 'பழையவை' ஆயின. அவற்றுள் பெரும்பாலானவற்றில் லினக்ஸை நிறுவிப் பல்லாண்டு பயன்படுத்தலாம் என்பதை விற்பனையாளர் சொல்வாரா?

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததென ஐ.நா. அறிக்கை கூறுகிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. எஞ்சியதில் ஒரு பங்கு தில்லியின் சீலம்பூர் போன்ற இடங்களில் ஏழைகளின் வெறுங்கைகளில் வந்து விழுகிறது. நமது அவசரத்தின் நச்சை அவர்கள் சுவாசிக்கிறார்கள்.

"புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்துமே" என்பர் சிலர். ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் விளைக்கும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, அது நம் வீட்டை அடையுமுன்பே சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வெளியாகிவிடுகிறது. "எங்களுக்கு அந்தத் தொழில் தெரியாதே" என்பது அடுத்த வாதம். மிதிவண்டிச் சங்கிலியை மாட்டக் கற்ற கைகளுக்கு நினைவகத்தை மாற்றுவது பெரிய வித்தையன்று. கோப்புகளைப் படியெடுத்து, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொடங்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியையும் உப்பிய மின்கலத்தையும் மட்டும் அறிந்தவரிடம் விடுவதே அறிவுடைமை.

நம் பிள்ளைகளுக்குக் கணினியை இயக்கக் கற்பிக்கிறோம், திறக்கக் கற்பிப்பதில்லை. இது மாற வேண்டும். புதியது வாங்கியே தீரவேண்டிய நாளிலும், நினைவகமும் மின்கலமும் மாற்றத்தக்கவையா என்று கேட்டு வாங்குவோம். இல்லையென்றால், வேண்டாமென்று சொல்லிக் கடையைவிட்டு வெளியேறுவோம்.