எஞ்சினை நகர்த்துவோர் கவனத்திற்கு



இரயில் நிலையத்தின் முற்றத்திலோ, இரயில்வே அலுவலகத்தின் வாயிலிலோ, பழைய நீராவி எஞ்சின் ஒன்று மேடைமீது ஏற்றி நிறுத்தப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரிய உடலுக்குப் புதுச் சாயம். சக்கரங்களின் விளிம்பிலே வெள்ளைக் கோடு. சுற்றிலும் இரும்புச் சங்கிலி. அருகே ஒரு பலகை. எந்த நாட்டிலே செய்யப்பட்டது, எந்த ஆண்டிலே ஓடத் தொடங்கியது, எத்தனை டன் எடை என்பதெல்லாம் அதில் இருக்கும். அதன் அடுப்பிலே கரி வாரிப் போட்டவன் யார், அதன் கொதிகலனுக்குள் புகுந்து சுரண்டித் துடைத்தவன் யார், அது ஓடுவதற்கான பணத்தை எவன் கொடுத்தான் என்று கேட்டால் பலகை பதில் சொல்லாது.

இத்தகைய எஞ்சின்களை மேடையிலிருந்து இறக்கிப் பட்டறைக்குக் கொண்டு செல்ல வேண்டும், கூடுமானால் பழுது நீக்கி மீண்டும் ஓட்ட வேண்டும் என்ற பேச்சு நாட்டிலே அவ்வப்போது எழுகிறது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் நகர்த்துவோரிடமும் ஓட்டுவோரிடமும் நமக்குச் சில கேள்விகள் உண்டு. காவிரிப் படுகையிலே பிறந்தவர்களுக்கு அவற்றைக் கேட்கும் உரிமை மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உண்டு. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், இது கூடும் காரியந்தானா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று. 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே கட்டப்பட்டு, கிழக்கிந்திய இரயில்வேயில் ஓடிய எஞ்சின் ஒன்று உண்டு. இ.ஐ.ஆர். 21 என்பது அதன் எண். 1909-இல் பணியிலிருந்து விலக்கப்பட்ட அது, நூறாண்டுக் காலம் காட்சிப் பொருளாகவே நின்றது. அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்து, காணாமற்போன பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தி, 2010 ஆகஸ்டு 15 சுதந்திர நாளன்று நீராவியிலே ஓட வைத்தவர்கள் பெரம்பூர்ப் பட்டறைத் தொழிலாளர்கள். பின்னர் 2019-இல் அது நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓடியதையும் மக்கள் திரண்டு வந்து கண்டார்கள்.

நம் பக்கத்திலேயே இன்னுமொரு சான்று இருக்கிறது. நீலகிரி மலைப்பாதையின் பல்சக்கர எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துக் கம்பெனி செய்து அனுப்பியவை. அவை முதுமை அடைந்து தளர்ந்தபோது, அதே வகை எஞ்சின்களைப் புதிதாகவே செய்து கொடுத்தது திருச்சிப் பொன்மலைப் பட்டறை. 2011 முதல் எண்ணெயில் ஓடுபவை வந்தன; 2021-இல் நிலக்கரியில் ஓடும் எஞ்சினும் வந்தது. பொன்மலையிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு மீட்டர் பாதை கிடையாது. ஆகவே எஞ்சின் நெடுஞ்சாலையிலே டிரெய்லர் லாரிமீது ஏறித்தான் போக வேண்டியிருந்தது. உலகத்தின் பெரும்பகுதி நீராவியை மறந்துவிட்ட இந்த நூற்றாண்டிலே, நீராவி எஞ்சினை முழுமையாகச் செய்து முடிக்கும் கைகள் காவிரிக் கரையிலே இருக்கின்றன! இதனை எத்தனை பேர் அறிவார்கள்?

இனி, உரிமை பற்றிப் பேசுவோம்.

தென்னகத்தின் பழைய இரும்புப் பாதைகளுள் ஒன்று நம் நாகையிலே தொடங்கியது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற இலண்டன் கம்பெனி அதனைப் போட்டது. 1861-இல் தஞ்சைக்கும், 1862-இல் திருச்சிக்கும் வண்டி வந்து சேர்ந்தது. ஏறத்தாழ எண்பது மைல். பங்குதாரர்கள் இலண்டனிலே இருந்தார்கள். அவர்கள் போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயம் என்று அன்றைய ஆட்சி உறுதி கொடுத்திருந்தது. வண்டி இலாபத்திலே ஓடினாலும் நட்டத்திலே ஓடினாலும் அவர்களுக்கு வட்டி தவறாது; குறைந்தால் இந்நாட்டு வருவாயிலிருந்து ஈடு கட்டப்படும். அந்நாளைய சென்னை ராஜதானியின் வருவாயிலே பெரும்பகுதி நிலவரி. நிலவரியைக் கட்டியவர் மிராசுதாராக இருக்கலாம். ஆனால் அந்த நெல்லை விளைவித்தவன் சேற்றிலே நின்ற பண்ணையாள். ஆகவே இலண்டன் கம்பெனியின் துணிவுக்குப் பிணை நின்றவன் கீழத்தஞ்சையின் பண்ணையாள்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதற்கும் மேலான சான்று ஒன்று உண்டு. 1894-இல் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் போடப்பட்ட பாதைக்குப் பணம் கொடுத்தது எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் அன்று. தஞ்சை ஜில்லா போர்டு. நிலத்தின்மீது தனியாக விதித்த தீர்வையிலிருந்து அந்தப் பணம் திரண்டது. ஜில்லா போர்டு ஒன்று சொந்தமாக இரயில் பாதை போட்டுக்கொண்டது அந்நாளிலே இந்திய நாட்டுக்கே புதுமை. அந்தப் பாதையில் ஓடிய எஞ்சினின் ஒவ்வொரு திருகாணியிலும் டெல்டா மக்களின் காசு இருக்கிறது.

அந்தப் பாதைகளிலே எது போயிற்று? நெல் போயிற்று. மனிதர்களும் போனார்கள். பஞ்சமும் கடனும் துரத்த, மூட்டையோடு இரயிலேறி நாகைத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் மலேசியாவிலே இருக்கிறார்கள். நாகைக்கு வந்து போன ரஜூலா கப்பலை நினைவு வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தக் கப்பலுக்கு ஆள் கொண்டுபோய்ச் சேர்த்த எஞ்சினை வெறும் அலங்காரப் பொருளாக நிறுத்த நமக்கு மனம் வருமா?

வாசகரே, இப்போது ‘நகர்த்துவது’ என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரயில்வேயில் நகர்த்தப்பட்டவை எஞ்சின்கள் மட்டுமல்ல. ஒரு பட்டறையே நகர்த்தப்பட்டது. நாகப்பட்டினத்திலே இருந்த இரயில்வே பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றுவதென்று தென்னிந்திய இரயில்வே கம்பெனி முடிவு செய்தது. இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு போவதிலே கம்பெனிக்குத் தொல்லை இல்லை. மனிதர்களைத்தான் அது ஏற்றிக்கொண்டு போக விரும்பவில்லை. பட்டறைகளை ஓரிடத்திலே சேர்த்தால் ஆட்கள் மிகுதி என்றது. திறமைத் தேர்வு என்ற பெயரிலே ஆட்குறைப்பு வந்தது. நாகையின் தொழிலாளி கேட்டது அதிகமல்ல: பட்டறை எங்கே போகிறதோ அங்கே என் வேலையும் வரட்டும் என்றான். அதற்கு வந்த பதில் வேலை நீக்கம்.

1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தம் வெடித்ததற்குக் காரணம் இதுவே. அடக்குமுறை பாய்ந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்கள். பின்னரே அது குறைக்கப்பட்டது. வேலை இழந்து நாகையின் தெருக்களிலே நின்ற குடும்பங்களின் தொகையை எந்தப் பலகையும் எழுதி வைக்கவில்லை.

பட்டறை போய்ச் சேர்ந்த பொன்மலையிலும் குருதி சிந்தாமல் இல்லை. 1946 செப்டம்பர் 5. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் கூடியிருந்த சங்கத் திடலிலே மலபார் சிறப்புப் போலீசார் சுட்டார்கள். ஐந்து தோழர்கள் மாண்டார்கள். பொன்மலைத் தொழிலாளர்கள் அந்த நாளை மறவாமல் நினைவுகூர்ந்து வருகிறார்கள். நீராவி எஞ்சினின் கதையைச் சொல்லவந்தவர் இந்த நாளைச் சொல்லாமல் விட்டால், அவர் சொல்வது பாதிக் கதை.

இங்கே நம் தோழர்களிலேயே சிலர் குறுக்கிடுவார்கள் என்பதை அறிவேன். “மக்கள் பெட்டியிலே நிற்க இடமின்றித் தொங்கிக்கொண்டு போகிறார்கள். இரயில்வேயிலே காலியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் ஓடிய வண்டி 1980-களிலே நிறுத்தப்பட்டது. அதன்பின் அந்த வழியிலே வண்டி ஓடவே இல்லை. இந்த நிலையிலே பழைய இரும்புக்குப் பணம் செலவிடுவதா?” என்பார்கள்.

நியாயமான கேள்வி. வசதி படைத்தவர்கள் ஒருநாள் உல்லாசமாகப் போய்வரக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டும் பாரம்பரிய வண்டி மட்டுமே நோக்கமென்றால், நானும் அவர்களோடு சேர்ந்து எதிர்ப்பேன். தரங்கம்பாடிக்கு வண்டி கேட்கும் மக்களுக்கு எஞ்சின் பொம்மையைக் காட்டி வாயடைக்க முயன்றால், அப்போதும் எதிர்ப்பேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோயிலும் கோட்டையும் மன்னர்களின் நினைவாக நிற்கின்றன. அவற்றைப் பேணுவதற்குத் துறைகள் உண்டு, சட்டங்கள் உண்டு. உழைத்தவனின் நினைவாக இந்தத் தஞ்சைத் தரணியிலே என்ன நிற்கிறது? அவன் கையாண்ட கருவிகள்தாம் அவனுக்கு மிஞ்சியிருக்கும் சின்னம். அவற்றைப் பழைய இரும்பென்று எடைபோட்டு விற்றுவிட்டால், அவன் வாழ்ந்ததற்கே சான்று இராது. பெட்டி கேட்போம்; பாதை கேட்போம்; அவற்றோடு நம் வரலாற்றையும் கேட்போம். ஒன்றைக் கேட்பதால் மற்றொன்றின் உரிமை குறைந்துவிடாது.

சரி, எப்படி நகர்த்துவது? இது தொழில் அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை. விழாவுக்கு நாள் குறித்துவிட்டு அவசரத்திலே செய்யும் வேலையன்று. பல்லாண்டு அசையாமல் நின்ற எஞ்சினிலே பிஸ்டன் உருளையோடு துருவேறிப் பிடித்திருக்கும். சக்கரங்களை இயக்கும் தண்டுகளைக் கழற்றாமல் இழுத்தால் உடையும். அச்சுத் தாங்கிகளிலே எண்ணெய் வற்றியிருக்கும். கிரேனிலே தூக்கும்போது சங்கிலியைச் சட்டத்திலே மாட்ட வேண்டும். கொதிகலனிலே மாட்டினால் எடை தாங்காது. கொதிகலனைச் சுற்றிப் போர்த்திய உறையிலே பழைய எஞ்சின்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூள் நுரையீரலிலே புகுந்தால் புற்றுநோய் தரும். ஒப்பந்தக்காரர் ஒருவர் கூலிக்கு ஆள் பிடித்துவந்து வெறுங்கையால் அதைப் பிய்க்கச் சொன்னால், அந்த எஞ்சின் இன்னும் உயிர்ப் பலி கேட்கிறது என்றுதான் பொருள்.

ஓட்ட வேண்டுமென்றால் பொறுப்பு இன்னும் பெரிது. சாயத்தின் அடியிலே தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. குழாய்களை உருவி எடுத்துத் தகட்டின் கனத்தை அளக்க வேண்டும். பின்னர்க் கொதிகலன் நிறையக் குளிர்ந்த நீரை நிரப்பி, ஓடும்போது வரும் அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த நீரிலே விரிசல் கண்டால் நீர் கசிவதோடு போகும். கொதிநீரிலே விரிசல் கண்டால் வெடிக்கும். இந்தச் சோதனையிலே தேறாத எஞ்சினை ஓட்டக்கூடாது. அதனைக் கூரையின்கீழ் உலர்ந்த இடத்திலே நிறுத்திக் காப்பதே போதும். எல்லா எஞ்சினும் ஓடியே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் வெயிலிலும் மழையிலும் நிற்கவைத்து, ஆண்டுக்கொரு முறை துருவின்மேல் சாயம் பூசுவது பாதுகாப்பு ஆகாது. நாகைக் கடற்காற்றிலே உப்புப் பட்ட இரும்பு என்ன ஆகுமென்று நம் மீனவரைக் கேட்டால் சொல்வார்.

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. எஞ்சினை நகர்த்துவதும் பழுது பார்ப்பதும் பெரம்பூர், பொன்மலை போன்ற அரசுப் பட்டறைகளிலேயே, நிரந்தரத் தொழிலாளர் கையாலேயே நடக்கட்டும். ஓய்வுபெற்ற பிட்டர்களையும் டிரைவர்களையும் பயர்மேன்களையும் ஊதியம் கொடுத்து அழைத்து, இளம் அப்ரண்டிஸ்களுக்குக் கற்றுத் தரச் செய்யட்டும். நீராவி நம் தண்டவாளங்களை விட்டுப் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது, அறிந்தவர்கள் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைகிறது. டெல்டாவிலே இப்போது மீட்டர் பாதை இல்லை. ஆகவே மீட்டர் பாதை எஞ்சின் ஒன்றாவது, சிறிது தூரத் தண்டவாளத்தோடு, முதற்பாதை தொடங்கிய நாகையிலே கூரையின்கீழ் நிறுத்தப்படட்டும். அதன் அருகே வைக்கும் பலகையிலே நாகைப் பட்டறையும், ஜில்லா போர்டுக்குத் தீர்வை கொடுத்த குடியானவனும், 1928-உம், 1946-உம் தமிழிலே எழுதப்படட்டும்.

இவற்றுள் எது பெருஞ்செலவு? பலகை எழுதுவதா? உள்ளபடி சொன்னால், செலவு குறைந்த அந்த நான்காவது கோரிக்கைக்குத்தான் எதிர்ப்பு மிகுதியாக இருக்கும். எஞ்சினின் எடையை எழுதச் சம்மதிப்பவர்கள் அதன் விலையை எழுதத் தயங்குவார்கள்.

நீடாமங்கலம் கேட்டிலே நெல் ஏற்றிய சரக்கு வண்டிக்காகக் காத்து நின்று பழகியவர்கள் நாம். இன்றும் நம் வயல்களின் நெல் அந்தத் தண்டவாளங்களின் வழியேதான் பிற மாவட்டங்களின் அடுப்புக்குப் போகிறது. அடுத்த முறை மேடைமீது நிற்கும் பழைய எஞ்சினைக் கண்டால், உங்கள் பிள்ளையிடம் டன் கணக்கை மட்டும் சொல்லாதீர்கள். நாகையிலே வேலை இழந்தவர்களையும் பொன்மலைத் திடலிலே விழுந்த ஐவரையும் சொல்லுங்கள். பலகை மாறும் வரையில் அதனைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தாம்.