கோயிலைத் தவிர மதுரையில் என்ன இருக்கிறது?

என் அக்கா மகன் மதுரைப் புறநகரில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கல்விச் சுற்றுலாவுக்கான சுற்றறிக்கையைப் போன வாரம் கொண்டுவந்து காட்டினான். இரவு பஸ்ஸில் சென்னை, காலையில் எழும்பூர் மியூசியம், பிறகு வண்டலூர், மாலையில் மெரினா. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரிடம் கேட்டேன்: "கீழடிக்கு எப்போது கூட்டிப்போனீர்கள்?" அவர் சொன்னார்: "அது உள்ளூருதானே சார், எப்ப வேணாலும் பார்த்துக்கலாம். மியூசியம்னா சென்னைதான். கோயிலைத் தவிர மதுரையில வேற என்ன சார் இருக்கு?" பக்கத்தில் நின்ற பெற்றோர் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஆசிரியரின் பேச்சைவிட அந்தத் தலையாட்டல்தான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

பார்க்கத் தகுந்ததெல்லாம் தலைநகரில் இருக்கும், நம்மூரில் இருப்பதெல்லாம் மட்டம் என்கிற இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? 1851-இல் வெள்ளைக்காரன் சென்னையில் அருங்காட்சியகம் தொடங்கினான். நாலா பக்கமும் தோண்டியதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தான். அது அவன் நிர்வாக வசதி. அவன் போய் எண்பது வருடமாகப்போகிறது. நாம் இன்னும் அந்த வசதியையே அறிவு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கீழடிக்குப் போய்ப் பாருங்கள். மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். 2014-15-இல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா தென்னந்தோப்புகளுக்கு நடுவே தோண்டத் தொடங்கினார். செங்கல் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் வெளிவந்தன. அதன்பின் 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டியது. தந்தத்தில் செய்த பகடை, சீப்பு, தக்களி, ஆட்டக்காய்கள், பொன் நகைத் துண்டுகள், சூதுபவள மணிகள், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள். 'ஆதன்' என்று கீறி வைத்தவன் அரசனல்ல, சட்டி பானை வைத்திருந்த சாதாரண ஆள். அங்கே கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று 2019-இல் அரசு அறிவித்தது. செட்டிநாட்டு வீடுபோலக் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. அந்தப் பகடையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அது கிடந்த மண் அங்கேயே இருக்கிறது. வைகை அருகில் ஓடுகிறது. அந்த ஊர் மக்கள் செத்தவர்களைத் தாழியில் புதைத்த கொந்தகை மேடும் பக்கத்திலேயே இருக்கிறது. எந்தத் தலைநகரத்துக் கண்ணாடிப் பெட்டி இதைக் காட்டும்?

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோர் 1876-இல் தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலமும் எழும்பூருக்குப் போயின. தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளை தன் முன்னோரின் நகையைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. கீழடிக்கும் இதே கதி நேர்ந்திருக்கும். கீழடி மக்களும் எழுத்தாளர்களும் வழக்காடியவர்களும் விடாமல் நின்றதால்தான் தப்பியது.

தலைநகரில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று அடுத்த வாதத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். டெல்லி மண்டி ஹவுஸ் பகுதியிலிருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் எரிந்து நாசமானது. நாட்டின் தலைநகரம் அது! ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் பெருந்தொகை கொடுத்து வாங்கிப் பெருமையாக நிறுத்தியிருந்த நடராசர், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடிய சிலை. 2014-இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஸ்ரீபுரந்தான் கோயிலுக்கு ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தால் அந்தச் சிலை கடலைத் தாண்டியிருக்காது. பாதுகாப்பு வேண்டுமென்றால் ஊருக்குக் காவலும் பணமும் கொடுங்கள். பொருளை ஊரைவிட்டு எடுத்துப்போகாதீர்கள்.

கோயிலைத் தவிர என்ன இருக்கிறது என்றாரே, அந்தக் கோயிலையாவது பார்த்தார்களா? 985 தூண்கள் நிற்கும் ஆயிரங்கால் மண்டபமே ஒரு கலைக்கூடம். ஒவ்வொரு தூணிலும் நின்று பார்க்க அரைநாள் போதாது. தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் மாளிகையில் 1959-இல் நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அவர் அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பர் 22-இல், இதே ஊரின் மேல மாசி வீதியில். அதே தமுக்கம் வளாகத்தில் அரசு அருங்காட்சியகம், 1981 உலகத் தமிழ் மாநாட்டின்போது தொடங்கியது. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு. எந்தச் சுற்றறிக்கையிலும் இவற்றின் பெயர் வருவதில்லை. இந்தக் குன்றுகளுக்கு யாரும் வராததால்தான் பாறையில் காதலர்கள் பெயர் கிறுக்குகிறார்கள். மேலூர்ப் பக்கம் எத்தனை குன்றுகளைக் கிரானைட்டுக்காக அறுத்துத் தள்ளினார்கள்! பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டியிருந்தால் ஊரே மறித்திருக்கும். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் என்றதும் ஊர் எழுந்து நின்றது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தங்கள் மலை என்னவென்று அரிட்டாபட்டிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

மதுரையே தலைநகரமாக இருந்த ஊர். பாண்டியர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். திருமலை நாயக்கர் திருச்சியிலிருந்து தலைநகரை இங்கே கொண்டுவந்தார். சொக்கநாத நாயக்கர் மறுபடி திருச்சிக்கு மாற்றியபோது திருமலை நாயக்கர் மகாலின் பகுதிகளைப் பெயர்த்து எடுத்துப்போனதாகச் சொல்வார்கள். தலைநகரம் எங்கே போகிறதோ அங்கே நம் பொருளும் போக வேண்டும் என்பது அன்றைக்கே இருந்த பழக்கம். இன்றைக்கும் அது மாறவில்லை: அமர்நாத் 2023-இல் டெல்லியிடம் கொடுத்த 982 பக்க கீழடி அறிக்கையை, 2025-இல் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பினார்கள். நம் மண்ணின் வயதை டெல்லி முத்திரை குத்தித்தான் நாம் நம்ப வேண்டுமா?

உள்ளூர் மாடு விலைபோகாது என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே கீழடியை நாம் பக்கத்து ஊர்ச் சமாசாரமாக்கிவிட்டோம். மதுரைக்காரர்களே, உங்கள் பிள்ளைகளை முதலில் கீழடிக்குக் கூட்டிப்போங்கள். தமுக்கத்துக்கும் சமணர் மலைக்கும் கூட்டிப்போங்கள். அப்புறம் சென்னைக்கு ரயில் ஏறுங்கள். எழும்பூரில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களின் முன்னால் நிறுத்தி, இவை எந்த ஊரிலிருந்து எடுத்துவந்தவை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.