திண்டுக்கல் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில்லை

மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்ததும் மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: "இது பிரதமரைத் தேர்ந்தெடுக்கிற எலெக்‌ஷன். எம்.பி. யாரா இருந்தா நமக்கென்ன?" கட்சிக்காரர்களும் இதையே மேடை போட்டுப் பேசுகிறார்கள். "உங்கள் பிரதமர் வேட்பாளர் யார்?" என்று எதிரணியைக் கேட்டுவிட்டால் வாதம் முடிந்தது என்று நினைப்பு. முடிவு வந்த பிறகு இதே நம்பிக்கை வேறு வேஷத்தில் வரும். ஜெயித்தவரின் கட்சி தில்லியில் ஆட்சிக்கு வரவில்லையென்றால் "ஓட்டு வீணாப் போச்சு" என்பார்கள். 2019இல் தி.மு.க.வின் வேலுச்சாமியை ஐந்து லட்சத்துக்கும் அதிக வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்த ஊர் இது. அப்போதும் இதைத்தான் சொன்னார்கள்.

வாக்குப்பதிவு எந்திரத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வேட்பாளர் பெயர், அவர் படம், சின்னம், எதிரே நீலப் பொத்தான். பிரதமர் பெயர் எந்த வரிசையிலும் கிடையாது. அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு சொல்வதும் இவ்வளவுதான்: பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. அந்த அவையில் பெரும்பான்மை இருக்கும்வரை அவர் பிரதமர். அது போனால் ராஜினாமா செய்ய வேண்டியதுதான்.

சட்டம் கிடக்கட்டும், நம் தொகுதியின் கதையைப் பார்ப்போம். 1967இல் திண்டுக்கல் தி.மு.க.வுக்கு வாக்களித்தது. காங்கிரஸை வீழ்த்தத்தான் அந்த வாக்கு. இரண்டே ஆண்டில் காங்கிரஸ் உடைந்து இந்திரா காந்தி பெரும்பான்மை இழந்தபோது, அவர் நாற்காலியைக் காப்பாற்றியவர்களில் தி.மு.க.வின் 25 பேரும் உண்டு. திண்டுக்கல் உறுப்பினர் அதில் ஒருவர்.

1977இல் நேர் எதிர். இரட்டை இலையை முதன்முதலில் 1973 இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்த மாயத்தேவர், இந்த முறை இந்திரா காங்கிரஸின் கூட்டணியில் நின்று ஜெயித்தார். 1979இல் அவருடைய அ.தி.மு.க., சரண் சிங் அமைச்சரவையில் போய் உட்கார்ந்தது. அந்தச் சரண் சிங் ஒரு நாள்கூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காமல் ராஜினாமா செய்த பிரதமர் என்பது தனிக் கதை. 1980இல் மாயத்தேவர் தி.மு.க.வுக்குப் போய் உதயசூரியனில் நின்றார். திண்டுக்கல் அப்போதும் அவரையே அனுப்பியது.

1996இல் தமிழ் மாநில காங்கிரஸின் (த.மா.கா.) சைக்கிளில் முத்திரை குத்திய நாகல்நகர் நெசவாளியிடம், "நீங்கள் தேவ கௌடாவைப் பிரதமர் ஆக்குகிறீர்கள்" என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். த.மா.கா.வின் ஆதரவோடு பிரதமரான தேவ கௌடா அதுவரை கர்நாடக முதல்வர்; அப்போது எம்.பி.கூட இல்லை. பத்து மாதத்தில் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ள, 1997 ஏப்ரலில் அவர் போய் குஜ்ரால் வந்தார். அவரும் மாநிலங்களவை உறுப்பினர். இடையில் தேர்தல் நடந்ததா? இல்லை.

உச்சக்கட்டம் 1999 ஏப்ரல் 17. முந்தைய ஆண்டு வாஜ்பாய் கூட்டணிக்கென்று வாக்குக் கேட்டு ஜெயித்தவர் அ.தி.மு.க.வின் திண்டுக்கல் சீனிவாசன். தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்ற ஜெயலலிதாவின் கோரிக்கைக்கு வாஜ்பாய் மசியவில்லை. ஆதரவு வாபஸ் ஆனது. நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு வாக்கில் ஆட்சி கவிழ்ந்தது. எம்.பி.க்கள் கிரிதர் கமாங், சைபுதீன் சோஸ் என்று நாடு முழுக்க அந்த ஒரு வாக்கின் சொந்தக்காரரைத் தேடினார்கள். அந்த 270இல் திண்டுக்கல்லின் வாக்கும் ஒன்று என்பதை நம் ஊரில் எத்தனை பேர் பேசினார்கள்? பிரதமரைத் தேர்ந்தெடுத்தது நாம்தான் என்றால், அவரைக் கவிழ்த்தவரிடம் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அதே ஆண்டு நடந்த தேர்தலில், இம்முறை காங்கிரஸ் கூட்டணியில் நின்ற சீனிவாசனைத் திண்டுக்கல் மறுபடியும் தேர்ந்தெடுத்தது.

"ஓட்டு வீண்" என்பதும் இதே கணக்கில் அடிபடுகிறது. 1969இல் தி.மு.க. அமைச்சரவையில் இல்லை, ஆனாலும் பிரதமரின் குடுமி அதன் கையில் இருந்தது. 2014இல் அ.தி.மு.க. 37 இடம் வென்றும் ஒன்றும் நடக்கவில்லை. பா.ஜ.க.வுக்குத் தனியாகவே 282 கிடைத்துவிட்டது. 2024இல் அது 240ஆக இறங்கியதும் தெலுங்கு தேசத்தின் 16 பேருக்கும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 பேருக்கும் மவுசு கூடிவிட்டது. ஒரு எம்.பி.யின் எடை, மற்ற தொகுதிகளின் முடிவும் வந்த பிறகுதான் தெரியும். சாவடியில் நிற்கிறவருக்கு அது தெரிய வழியில்லை.

அப்படியானால் பிரதமரை நேரடியாகவே தேர்ந்தெடுத்துவிடலாமே என்பார்கள் சிலர். இஸ்ரேல் 1996இல் அதைச் செய்து பார்த்தது. பிரதமருக்கு ஒரு வாக்கு, கட்சிக்கு ஒரு வாக்கு. மக்கள் இரண்டையும் பிரித்துப் போட, சின்னக் கட்சிகள் பெருகி, பிரதமரின் பாடு முன்னைவிடத் திண்டாட்டமானது. 2001இல் அந்தச் சட்டத்தையே தூக்கிப்போட்டார்கள்.

பிரதமரை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்ற நம்பிக்கை மேல் எனக்குள்ள கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. உண்மையில் அதிகாரம் யாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை இது மறைக்கிறது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவி பறிபோகும். 1999இல் வாஜ்பாயின் தலைவிதியைத் திண்டுக்கல் உறுப்பினர் முடிவு செய்யவில்லை. ஜெயலலிதாவின் போயஸ் தோட்டத்து வீட்டில் முடிவானது. நாமும் "எம்.பி. யாராக இருந்தால் என்ன" என்று சொல்லிச் சொல்லி கட்சித் தலைவர்களின் வேலையைச் சுலபமாக்கிக் கொடுக்கிறோம்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவரிடம் பிரதமர் யார் என்று கேட்காதீர்கள். கூட்டணி முறிந்தால் உங்கள் கட்சி எந்தப் பக்கம் போகும், அதை முடிவு செய்கிற கூட்டத்தில் உங்களுக்குப் பேச இடம் உண்டா, முடிவெடுப்பதற்கு முன் ஊருக்கு வந்து எங்களிடம் ஒரு வார்த்தை சொல்வீர்களா என்று கேளுங்கள். வேடசந்தூர்க்காரர்களும் கேட்கலாம். மாவட்டம் திண்டுக்கல் என்றாலும் அவர்கள் கேட்க வேண்டியது கரூர் தொகுதி வேட்பாளரை.