மஞ்சளும் மருந்தும்



மார்கழிப் பனியில் பிள்ளைக்கு இருமல் கண்டால் நம் மதுரைச் சீமைத் தாய்மார் செய்வது யாவரும் அறிந்ததே. காய்ச்சிய பாலில் மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் இட்டு, சிறிது நெய் விட்டு, இளஞ்சூட்டில் பருகக் கொடுப்பார்கள். மிளகும் நெய்யும் எதற்கு என்று நாம் வினவியதில்லை. விஞ்ஞானம் இன்று விடை கூறுகின்றது.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நீரில் கரைவது அரிது. வெறுமனே விழுங்கினால் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடும்; சேர்ந்த சிறுபகுதியையும் கல்லீரல் விரைந்து மாற்றிக் கழித்துவிடும். நம் ஆயர் பேரவை நிறுவிய பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்து உண்டவர்களின் இரத்தத்தில் குர்குமின் சேரும் அளவு ஏறக்குறைய 20 மடங்கு உயர்ந்ததாம்!

நெய் காட்டும் வழி மற்றொன்று. மூலிகைச் சாற்றை உருகிய கொழுப்பில் கரைத்து, வெந்நீரில் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறச் செய்து ஆறவைத்தால், சாற்றை உள்ளடக்கிய கொழுப்புத் துகள்கள் கிடைக்கும். இவை நானோ துகள்கள் எனப்படும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர்; இத்துகள்கள் அத்தகைய சில நூறு கூறுகளே பருமனுள்ளவை. குடல் கொழுப்பை ஏற்கும்போது, உள்ளிருக்கும் சாறும் உடன் செல்கின்றது. 2020-இல் வெளிவந்த ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளும் கொழுப்புத் துகள்களையே ஊர்தியாகக் கொண்டவை.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். சமையலில் இடும் மஞ்சள் உணவு. பல மடங்கு உடலில் ஏறுமாறு செய்த மாத்திரையோ மருந்தின் வலிமை உடையது. இத்தகைய மாத்திரைகளை உண்டோர் சிலருக்குக் கல்லீரல் அழற்சி நேர்ந்ததை மேனாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் உயர்த்த வல்லது. புற்றுநோயைக் குர்குமின் குணப்படுத்தும் என்பதும் இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆதலின், விளம்பரத்தை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவது தகாது. மூலிகை மாத்திரை உண்போர் அதனை மருத்துவரிடம் மறைத்தலும் தகாது. குறிப்பாக, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ணும் நம் முதியோர் இதை மறவாதிருப்பாராக.

சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரம் மண்ணில் விளையும் மருந்தையும் மருத்துவரையும் ஒருங்கே மதிக்கக் கற்பிக்கின்றது. ஒன்றை ஏற்று மற்றதை விலக்குவது விசுவாசம் ஆகாது. இரண்டுமே இறைவன் தந்த கொடை.