பதினாறு மில்லிமீட்டர் பொய்

டெல்லியில் வீடு வாங்கப் போகும் நம்மவர்களுக்கும், டெல்லி வீட்டை விற்றுவிட்டு ஊர் திரும்பப் போகும் நம்மவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஸ்டுடியோ போட்டோ வந்தால் என்ன செய்வோம்? அதில் எவ்வளவு லைட்டிங், எவ்வளவு டச்சப் என்று நம் பாட்டிக்குக்கூடத் தெரியும். நேரில் பார்க்காமல், நாலு பேரிடம் விசாரிக்காமல் தட்டு மாற்ற மாட்டோம். அதே குடும்பம், ஒன்றரைக் கோடி ரூபாய் ஃப்ளாட்டுக்கு பன்னிரண்டு படங்களை வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, "வேற பார்ட்டி ரெடியா இருக்காங்களாம்" என்று பயானா அனுப்பிவிடுகிறது. (டெல்லிக்குப் புதுசா? பயானா என்றால் அட்வான்ஸ். கொடுக்க ஒரு நிமிடம் போதும். திரும்ப வாங்குவதற்குள் தலை நரைத்துவிடும்.)

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டைப் படம் எடுக்கும் போட்டோகிராபர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது கஷ்டமான தொழில். என் கோபம் எல்லாம், வீட்டுப் படத்தைக் கல்யாண ஆல்பம் மாதிரி நடத்தும் வழக்கத்தின் மேல்தான். விற்பனைக்கு வந்த வீட்டின் படம் ஆல்பம் அல்ல சார், அது சாட்சி. சாட்சி என்றால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மிமீ லென்ஸ் போட்டால் பக்கவாட்டில் சுமார் 40 டிகிரிதான் படத்தில் விழும். 16 மிமீ போட்டால் சுமார் 97 டிகிரி. பத்துக்குப் பதினோரு அடி ரூமில் 50 மிமீ லென்ஸோடு நின்றால் ஒரு பீரோவும் பாதி ஜன்னலும்தான் கிடைக்கும். பின்னால் நகர இடம் கிடையாது. அதனால் வைட் லென்ஸ் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மூலையில் வைத்து எடுத்தால் பக்கத்தில் இருப்பது பெரிதாகும், எதிர்ச் சுவர் தள்ளிப் போகும். கட்டிலைச் சுற்றி நடக்கவே இடமில்லாத ரூம், கபடி ஆடலாம் போலத் தெரியும். உங்கள் மொபைலில் 0.5 என்று ஒரு பட்டன் இருக்கிறதே, பல போன்களில் அது 16-ஐ விடவும் அகலம். ஆக "வீடியோ கால்ல முழுசா பாத்துட்டோம்" என்பவர்களும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

லென்ஸ் மட்டுமா? ஒரே இடத்திலிருந்து வெளிச்சம் கூட்டிக் குறைத்து மூன்று முதல் ஐந்து படம் எடுத்து ஒன்றாகக் கலக்கிறார்கள். அதனால் பகலிலேயே ட்யூப்லைட் போட வேண்டிய ரூம், பொங்கல் வெயிலில் குளித்தது போல வருகிறது. காலி ரூமில் கம்ப்யூட்டரே சோபா போடுகிறது. அந்த சோபா எப்போதும் நம் வீட்டு சோபாவை விடக் கொஞ்சம் ஒல்லி! போன நவம்பரில் எடுத்ததாகச் சொன்ன ஒரு பால்கனிப் படத்தில், கொடைக்கானல் மாதிரி நீல வானம். நவம்பர் டெல்லியில் அந்த வானம் யாருக்கய்யா கிடைத்தது? நாமெல்லாம் அந்த மாதத்தில் ஏர் ப்யூரிபையர் பக்கத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தோம்!

துவாரகாவில் ஒரு சொசைட்டி ஃப்ளாட். நண்பர் குடும்பத்துக்காகப் பார்க்கப் போவதற்கு முன் படங்கள் வந்தன. "மாஸ்டர் பெட்ரூம் 14 x 12" என்று போட்டிருந்தது. தரையில் டைல்ஸ் தெளிவாகத் தெரிந்தது. பார்த்தால் இரண்டடி டைல்ஸ். எண்ணினேன். நீளத்தில் ஆறு, அகலத்தில் ஐந்து. எந்த ஊர் கணக்கில் இது 14 x 12? டீலரிடம் கேட்டேன். "சார், வார்ட்ரோப், பால்கனி எல்லாம் சேர்த்து" என்றார். நேரில் டேப் வைத்து அளந்தோம். 12 x 10. நண்பரின் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "படத்துல பார்த்த வீட்டை எங்கப்பா ஒளிச்சு வச்சிருக்கே?"

நீங்களும் எண்ணலாம். டைல்ஸ் இல்லையா, கதவைப் பாருங்கள். பொதுவாகக் கதவு ஏழடி உயரம், பெட்ரூம் கதவு மூன்றடி அகலம். அதை வைத்துச் சுவரை அளக்கலாம். படத்தின் ஓரத்தில் இருக்கும் வட்டமான சாமான், கடிகாரமோ தட்டோ, முட்டை மாதிரி நீண்டிருந்தால் லென்ஸ் ரொம்ப அகலம் என்று அர்த்தம். எல்லா ரூமுக்கும் படம் இருந்து பாத்ரூமுக்கும் கிச்சன் சிங்குக்கும் மட்டும் இல்லையென்றால், காரணம் அங்கேதான் இருக்கிறது. சுவரின் அடிப்பகுதி எந்தப் படத்திலும் தெரியவில்லையா? டெல்லிக்காரர்கள் 'சீலன்' என்பார்கள். நம் பாஷையில் ஓதம். மழைக்காலம் முடிந்தபின் பெயிண்ட் அடித்து அக்டோபரில் படம் எடுப்பது இங்கே ஒரு கலை.

இப்போது விற்கும் நம்மவர்கள் பக்கம் வருகிறேன். ஆட்டோ அனுப்பிவிடாதீர்கள் :-) ரிட்டயர் ஆகி கோயமுத்தூர் போய்விட்ட மாமா, மயூர் விஹார் வீட்டுச் சாவியை டீலரிடம் கொடுத்துவிடுகிறார். டீலரின் பையன் மொபைலில் ஆறு படம் எடுக்கிறான். அதில் ஒன்றில் கொடியில் துண்டு காய்கிறது, ஒன்றில் கமோடு மூடி திறந்திருக்கிறது, ஒன்றில் ஜன்னல் வெளிச்சத்தில் ரூமே கறுப்பு. மார்கழிக் குளிரிலும் வெயில் விழும் அருமையான தெற்குப் பால்கனிக்கு ஒரு படம்கூட இல்லை. முப்பது வருடம் கிஸ்தி கட்டிய வீடு, பழைய குடோன் மாதிரி நிற்கிறது. அப்புறம் "ரேட்டே வரலையே" என்று புலம்பல். கமிஷன் என்று ஒரு சதவீதம் ஒன்றரை லட்சத்தைத் தயங்காமல் கொடுப்பவர், போட்டோகிராபருக்குச் சில ஆயிரம் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார். நல்ல படம் ஆடம்பரம் அல்ல. ஆனால் போட்டோகிராபரை வைக்க வேண்டியது நீங்கள். டீலர் வைத்தால் அவர் டீலருக்குத்தான் வேலை செய்வார்.

"குறையைக் காட்டினால் ஒருத்தனும் வரமாட்டான் சார்" என்பது டீலர்களின் வாதம். தப்பு. வாசலோடு திரும்பிப் போகிறவன்தான் வரமாட்டான். அவன் வராததால் யாருக்கு நஷ்டம்? இருபது பேர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவதை விட, எல்லாம் தெரிந்து நாலு பேர் வருவது மேல்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் 12-ஆம் பிரிவின்படி, விளம்பரத்திலோ மாதிரி ஃப்ளாட்டிலோ சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு ப்ரமோட்டர் நஷ்டஈடு தர வேண்டும். கவனியுங்கள், ப்ரமோட்டர்! மாமாவிடமிருந்து நீங்கள் வாங்கும் பழைய டிடிஏ ஃப்ளாட்டில் ப்ரமோட்டர் ஏது? 3-ஆம் பிரிவில் இன்னொரு ஓட்டை. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டால், பதிவே தேவையில்லை. டெல்லியில் தெருவுக்குத் தெரு முளைக்கும் நாலு மாடி பில்டர் ஃப்ளோர்களில் பெரும்பாலானவை இந்த ஓட்டை வழியாகத்தான் போகின்றன.

பிரிட்டனில் 1991-லேயே ஒரு சட்டம், வீட்டு ஏஜெண்டுகளின் பொய்யைக் குற்றமாக்கியபோது, படத்தால் சொல்லும் பொய்யும் பொய்தான் என்று எழுதிவைத்தது. (2013-இல் அதை நீக்கியபோது பொதுவான நுகர்வோர் விதிகள் அந்த இடத்தில் இருந்தன.) கலிபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், வீட்டு விளம்பரப் படத்தை டிஜிட்டலாக மாற்றினால் அதைச் சொல்ல வேண்டும், மாற்றாத படத்தையும் பார்க்க வழி செய்ய வேண்டும். இங்கே மாமாவின் ஃப்ளாட்டுக்கு அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்?

பக்கத்து நொய்டா கதை எல்லோருக்கும் தெரியும். செக்டர் 93ஏ, சூப்பர்டெக் எமரால்டு கோர்ட். தோட்டம் என்று திட்டத்தில் காட்டிய இடத்தில் இரட்டைக் கோபுரம் எழும்பியது. குடியிருப்போர் 2012-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இடிக்கச் சொன்னது, 2022 ஆகஸ்ட் 28 அன்று இடித்தார்கள். பத்து வருடப் போராட்டம். அங்கே பேசப்பட்டது என்ன? அனுமதி பெற்ற வரைபடம், கட்டடங்களுக்கு நடுவில் விட வேண்டிய தூரம், வாங்கியவர்களின் சம்மதம். பளபளப்பான படத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஆகவே வாங்குகிறவர்கள் பயானாவுக்கு முன் நாலைக் கேளுங்கள். ஒன்று, ரூமுக்கு ரூம் அளவு போட்ட வரைபடம். கார்ப்பெட் ஏரியா தனியாக, பால்கனி தனியாக. இரண்டு, ஒவ்வொரு ரூமுக்கும் மொபைலின் 1x-இல் எடுத்த, வெளிச்சம் திருத்தாத ஒரு படம். மூன்று, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒரு படம். பக்கத்து வீட்டுச் சுவரா, ட்ரான்ஸ்பார்மரா, பார்க்கா? நான்கு, படம் எடுத்த தேதி. விற்கிறவர்கள், கேட்பதற்கு முன்பே இந்த நாலையும் கொடுங்கள். அதற்கு மேல் அழகாகவும் பத்துப் படம் எடுத்துப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

இந்த நாலில் ஒன்றைக் கொடுக்க டீலர் மழுப்பினால் பயானா உங்கள் பையிலேயே இருக்கட்டும். துபாயில், சிங்கப்பூரில் உட்கார்ந்து வாங்குகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். இங்கே தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போய்வரச் சொல்லுங்கள்.

டிஸ்கி: டைல்ஸ் எண்ணும்போது ஓரத்தில் வெட்டிப் போட்ட அரை டைலை முழுசாக எண்ணிவிடாதீர்கள். டீலர்கள் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.