அளவென்பது யாது?

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் நாட்டு முதுமொழி. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில், முன்னுண்டது செரித்தபின் அளவோடு உண்ணுதலையே நோயின்மைக்கு வழியாகக் கூறினார். இதனை மறுப்பார் யாருமிலர். ஆயினும், அவ்வளவு எல்லா உடலுக்கும் ஒன்றுதானோ என்னும் ஐயம் சென்ற விடுமுறையில் ஓசூரில் தங்கியிருந்தபோது என் உள்ளத்தில் எழுந்தது.

எங்கள் தெருவில் சிறுவன் ஒருவன் உளன். தந்தை சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர். தாய் கேழ்வரகுக் களியின்மேல் நெய்யை வார்த்து, உப்பிட்ட நிலக்கடலையும் உடன்வைத்து அவனை உண்பிப்பார். அயலார் அதனைக் கண்டு, "பிள்ளையைக் கெடுக்கின்றாய்" எனக் கடிவர். அவன் மெலிந்திருப்பதைக் கண்டு, "பிள்ளையைக் கவனிப்பதில்லை" எனவும் பழிப்பர். அவனுக்குற்றது 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்னும் நோய் என்பதை அவர்கள் அறியார். யானும் அதுவரை அறிந்திலேன்.

இந்நோய், பழுதுற்ற மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்வதால் பிறவியிலேயே உண்டாவது, பிறரைத் தொற்றுவதன்று. உடலின் சுரப்புகள் தடித்துப் பசைபோலாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கின்றன. பலர்க்குக் கணையநீர் குடலை அடையாமையால், உண்ட கொழுப்பு செரியாது மலத்தோடு கழிகின்றது. ஏ, டி, ஈ, கே என்னும் உயிர்ச்சத்துக்களும் அதனோடு குறைகின்றன. வியர்வை வழியே உப்பும் மிகுதியாய் வெளியேறும். நெற்றியில் முத்தமிடும் தாயின் இதழில் உப்புக் கரிப்பது இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று. ஆகலின் இத்தகையோர்க்குப் பிறரினும் மிகுந்த உணவும், கொழுப்பும், உப்பும் வேண்டும். நமக்கு மிகையாவது இவர்க்கு அளவாம்.

மருத்துவ உலகமும் இதனை எளிதில் உணர்ந்திலது. கொழுப்புச் செரியாதவர்க்குக் கொழுப்பைக் குறைத்தலே முறையென நெடுங்காலம் எண்ணினர். கனடாவின் டொரான்டோ நகர மருத்துவர்கள் அம்முறையை விடுத்து, கொழுப்பு நிறைந்த உணவையும் அதனைச் செரிப்பிக்கும் நொதியையும் தாராளமாய் அளித்தனர். 1988இல் வெளிவந்த ஆய்வொன்றில் அந்நகர் நோயாளரின் இடைநிலை ஆயுள் 30 ஆண்டாகவும், கொழுப்பைக் குறைத்துவந்த பாஸ்டன் நகரத்தாரது 21 ஆண்டாகவும் காணப்பட்டன. ஒன்பது ஆண்டு வாழ்வு சிறிதோ?

உப்பின் செய்தியும் இத்தகையதே. 1948ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க் நகரம் கடும் வெப்பத்தால் வாடியபோது, சோர்ந்து மருத்துவமனை சேர்ந்த குழந்தைகள் பலர் இந்நோயுடையோராய் இருந்தனர். வியர்வையில் உப்பு மிகுவது 1953இல் தெளிவாயிற்று. கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் ஓடி விளையாடும் பிள்ளைக்கு உப்பிட்ட மோர் ஆடம்பரமன்று.

இதற்குரிய உணவு நம் ஊரிலேயே உண்டு. கேழ்வரகு சுண்ணாம்புச்சத்து மிக்கது. ஆயினும் களி மட்டும் வயிற்றை நிறைக்குமேயன்றி வேண்டும் ஆற்றலை முற்றும் தாராது. நெய், நிலக்கடலை, தேங்காய், முட்டை, தயிர் ஆகியன அதனோடு கூடவேண்டும். மருத்துவர் வகுத்த நொதியைக் கொழுப்புள்ள ஒவ்வோர் உணவின் தொடக்கத்திலும் உட்கொள்ளுதல் இன்றியமையாதது. அஃதின்றேல் வார்த்த நெய்யெல்லாம் வீணே. செரித்தல் வேண்டுமென்ற வள்ளுவர் கருத்தும் இவர்க்கு இவ்வாறே நிறைவுறும். புதிய மருந்துகளைப் பெறுவோர்க்கோ இவ்வளவு மீண்டும் மாறக்கூடும். ஆகலின் எடையும் உயரமும் பார்த்து மருத்துவரே அளவை வகுத்தல் வேண்டும்.

அரியதொரு நோய்க்கு இத்துணைச் சொற்கள் ஏன் எனச் சிலர் வினவலாம். நம் நாட்டில் இது காசநோயென்றும், வெறும் ஊட்டக்குறைவென்றும் பிழைபட எண்ணப்படுவதுண்டு. நன்றாக உண்டும் மெலிந்து, ஓயாது இருமும் குழந்தையைக் காணின் வியர்வைச் சோதனையை நினைப்பூட்டுதல் கற்றோர் கடன். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அச்சோதனை உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து அது தொலைவன்று.

நண்பர்களே! நம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம். வகுப்பின் நடுவே ஒரு பிள்ளை நொதியை விழுங்கவும், இடையில் சிற்றுண்டி உண்ணவும் இசைவு கேட்பின், முகம் சுளியாது கொடுப்போமாக. அளவோடு உண்ணச் சொன்ன புலவர், அவ்வளவை அண்டை வீட்டார் கண்ணால் அளக்கச் சொன்னாரிலர்.